கதவருகே நின்றவளுக்கே என் ஓட்டு

போன நவம்பரில் ஒரு ராத்திரி மகள் போன் செய்தாள். "அப்பா, எங்க சாப்டர்ல எலெக்‌ஷன். ரிக்ரூட்மென்ட் சேர் பதவிக்கு ரெண்டு பேர் நிக்கிறாங்க. யாருக்குப் போடட்டும்?"

அவள் இங்கே அமெரிக்காவில் கல்லூரிக்குப் போன பிறகுதான் சொராரிட்டி என்றால் என்னவென்றே எனக்கு ஒழுங்காகத் தெரியும். ஊரில் சித்தப்பா கேட்டபோது "லேடீஸ் ஹாஸ்டல் மாதிரி" என்று சொல்லித் தப்பித்தேன். பாதி உண்மைதான். கல்லூரிப் பெண்கள் உறுப்பினராகச் சேரும் சங்கம் அது, பலர் ஒரே வீட்டில் தங்குவதும் உண்டு. ஒரு கல்லூரியில் இருக்கும் அதன் கிளைதான் சாப்டர். அதற்குப் புதுப் பெண்களைச் சேர்க்கும் வேலையைப் பார்ப்பவள் ரிக்ரூட்மென்ட் சேர்.

அந்தச் சேர்க்கையை ரஷ் என்பார்கள். அவள் கல்லூரியில் ஆகஸ்டில், வகுப்பு தொடங்கும் முன்பே நடக்கும். புதுப் பெண்கள் கூட்டம் கூட்டமாக ஒவ்வொரு சொராரிட்டி வீடாக ஏறி இறங்குவார்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் வீட்டுக்காரர்கள் பெண்களை வரிசைப்படுத்துவார்கள், பெண்கள் வீடுகளை வரிசைப்படுத்துவார்கள். கம்ப்யூட்டர் பொருத்தம் பார்க்கும். கடைசி நாளில் கையில் பிட், அதாவது எங்கள் வீட்டில் சேர வா என்ற அழைப்பு. நம்மூர் பெண் பார்க்கும் படலமேதான், பெண்ணும் மார்க் போடலாம் என்பது மட்டும் ஆறுதல். 2021இல் அலபாமா பல்கலைக்கழகத்துப் பெண்கள் டிக்டாக்கில் போட்ட வீடியோக்களை உலகமே உட்கார்ந்து பார்த்தது. சொஜ்ஜி பஜ்ஜியோடு நானும் பார்த்தேன், மறைப்பானேன்.

முதல் வேட்பாளர் வாயைத் திறந்தால் கூட்டம் கூடும். இன்ஸ்டாகிராமில் அவள்தான் ராணி. இரண்டாமவள் அதிகம் பேசமாட்டாளாம். ரஷ்ஷில் எந்த வீடும் அவளை எடுக்கவில்லை. பிறகு இங்கே இடம் காலியாக இருந்ததால், ஓப்பன் பிட்டிங் என்கிற, ரஷ்ஷுக்கு வெளியே நடக்கும் சேர்க்கை வழியாக செப்டம்பரில் உள்ளே வந்தவள்.

நான் யோசிக்கவே இல்லை. "ரெண்டாவது பொண்ணும்மா."

"அப்பா, அவ சிரிக்கவே மாட்டா!"

சிரிக்க எழுபது பேர் வாசலில் நிற்கிறார்களே. ரஷ் வாரம் முழுக்க ரிக்ரூட்மென்ட் சேர் பின்னறையில் பட்டியலோடு உட்கார்ந்திருப்பவள். யாரை யாரோடு பேச வைப்பது, பேச்சு நொண்டினால் யார் போய்க் கைகொடுப்பது, எல்லாம் அவள் கணக்கு. பையன்கள், குடி, மதம், அரசியல், பணம் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று வசந்தகாலத்திலிருந்தே எல்லோருக்கும் பழக்குவதும் அவள்தான். தூங்காத எழுபது பேர் நடு ராத்திரியில் "அந்தப் பொண்ணை ஏன் விட்டோம்" என்று சண்டைக்கு நிற்கும்போது, குரல் உயர்த்தாமல், பட்டியலையும் வெளியே விடாமல், கெடுவுக்குள் அனுப்பி முடிக்க வேண்டும். இதற்கு வசீகரம் எதற்கு?

எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. 2013இல் அதே அலபாமாவில், நல்ல மதிப்பெண் எடுத்த ஒரு கறுப்பினப் பெண்ணை சொராரிட்டிகள் ஒதுக்கிய கதையை மாணவர் பத்திரிகையான 'தி கிரிம்சன் ஒயிட்' வெளியிட்டது. உள்ளேயிருந்த பெண்கள் சிலர், தாங்கள் கேட்டும் பழைய மாணவியர் குறுக்கே நின்றதாகச் சொன்னார்கள். நாடு முழுக்க நாறிய பிறகு பல்கலைக்கழகம் தலையிட்டு, சேர்க்கையை மறுபடி திறக்கச் சொன்னது. அப்போது கறுப்பினப் பெண்கள் சிலர் உள்ளே வந்தது இதே ஓப்பன் பிட்டிங் வழியாகத்தான். பின்னறையில் பெரியவர்கள் ஒரு பெயரை அடிக்கச் சொன்னால் "ஏன்?" என்று கேட்க ஒருத்தி வேண்டும். எல்லா வீடும் கையை விரித்த ராத்திரி எப்படியிருக்கும் என்று தெரிந்தவள் கேட்பாள் என்பது என் நம்பிக்கை. அப்படி வந்தவர்களில் சிலர் உள்ளே போனதும் கதவை இறுக்கிச் சாத்துவார்கள், அதுவும் தெரியும். ஆபீசில் பார்த்திருக்கிறேன்.

இன்ஸ்டாகிராம் ராணிக்கு இன்ஸ்டாகிராமைக் கொடுங்கள், அழகாகச் செய்வாள் என்றேன். மகள் "ம்" என்றாள். அவளுடைய "ம்" எதையும் குறிக்காது.

தேர்தல் முடிந்தது. யார் ஜெயித்தார்கள், இவள் யாருக்குப் போட்டாள் என்று கேட்டால் சாப்டர் விஷயம் வெளியே சொல்லக் கூடாதாம். மாதச் சந்தா கட்டுகிற எனக்கும் கிடையாதாம்.