24 மெட்டுகளும் நுண்சுருதியும்: ஒரு திருத்தம்

நுண்சுருதிகளை, அதாவது அடுத்தடுத்த இரு சுரங்களுக்கு இடைப்பட்ட நுண்ணிய ஒலிகளை, வாசிக்கும் கருவிகளை வடிவமைக்க இசைக்கலைஞர்கள் தஞ்சாவூரில் கூடுவது குறித்து எழுதிய நண்பர் ஒருவர், வீணையில் ஸ்தாயிக்கு (ஒரு ‘ச’ முதல் மேல் ‘ச’ வரை) 12 மெட்டுகளே (தந்தியை அழுத்தி வாசிக்கும் குறுக்குக் கட்டைகளே) இருப்பதால் அதில் நுண்சுருதி வாசிக்க இயலாது என்கிறார். எண்ணிக்கை சரி, இரண்டு ஸ்தாயிக்கு 24. முடிவுதான் தவறு.

அந்த மெட்டுகள் கரி கலந்த தேன்மெழுகில் பதிக்கப்படுபவை. ஆசாரி ஒவ்வொன்றையும் காதால் கேட்டு, மெழுகு இளகியிருக்கும்போதே நகர்த்திச் சுருதி சேர்க்கிறார். அதைவிட முக்கியமானது வாசிப்பவரின் இடதுகை: தோடி ராகத்தின் காந்தார (‘க’) சுரத்துக்காக விரல் தந்தியை மெட்டின்மேல் பக்கவாட்டில் இழுத்துத் தளர்த்தும்போது, ஒரே மெட்டில் நின்றபடியே இடைப்பட்ட ஒலிகள் அனைத்தும் பிறக்கின்றன. ஹார்மோனியத்தில் இது நடக்காது.

நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையும் நாகசுரத்துக்கும் வாசிக்கும் துளைகள் 7 மட்டுமே. மற்ற சுரங்களும் அவற்றின் நுட்பங்களும் சீவாளியின்மேல் (வாயில் வைத்து ஊதும் நாக்கின்மேல்) உதடு தரும் அழுத்தத்திலும், மூச்சிலும், துளையை அரைகுறையாகத் திறக்கும் விரலிலும் வருகின்றன. நாகசுரத்தில் கரகரப்பிரியா ராக ஆலாபனையை அருகிலிருந்து கேட்டவர்கள் இதை அறிவார்கள்.

தந்தியை இழுக்காமல், அசைவற்ற நுண்ணொலிகளை ஒருசேர ஒலிக்கச் செய்ய விரும்புவோருக்குக் கூடுதல் மெட்டுகள் உண்மையிலேயே தேவை. அதற்காக வீணையைக் குறையுள்ள கருவியாகக் காட்ட வேண்டியதில்லை.