கேசியின் சராசரி

வந்தவர்: பேஸ்பால் வீரர் கேசியின் ஆட்டக் கணக்கு முழுவதும் வேண்டும், அம்மா. அடித்த ஓட்டங்கள், பேட்டிங் சராசரி, ஓய்வு பெற்ற நாள், எல்லாம் இருக்கட்டும்.

நூலகர்: சிறிய கணக்குதான், ஐயா. ஒரே ஒரு முறை மட்டை பிடித்தார், மூன்று ஸ்ட்ரைக்கில், அதாவது அடிக்காமல் விட்டதும் அடிக்கத் தவறியதுமாக மூன்று பந்துகளில், வெளியேறினார். சராசரி பூஜ்யம். ஓய்வு பெற்றது 52ஆவது வரியில்.

வந்தவர்: வரியிலா?

நூலகர்: அது ‘கேசி அட் த பேட்’ என்ற கவிதை, ஐயா. எர்னஸ்ட் தேயர் ‘ஃபின்’ என்ற புனைபெயரில் எழுதி, 1888 ஜூன் 3 அன்று சான் பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்றில் வந்தது. கேசி அவருடைய பேனாவில் பிறந்தவர்.

வந்தவர்: இருக்கவே முடியாது. என் கொள்ளுத்தாத்தா அந்த ஆட்டத்தை நேரில் பார்த்தவர்.

நூலகர்: அன்று கைதட்டியவர்கள் 5,000 பேர் என்று கவிதை சொல்கிறது. தம் கொள்ளுத்தாத்தா பார்த்ததாக இந்த மேசைக்கு வந்து சொன்னவர்களையும் சேர்த்தால் மைதானம் கொள்ளாது.

வந்தவர்: பிலடெல்பியாவுக்கு ஆடிய டான் கேசி, அது தாம்தான் என்று வாயாலேயே சொல்லியிருக்கிறாரே!

நூலகர்: அவர் பந்து வீசும் பிட்சர், ஐயா. அடிக்கத் தவறிய அவமானத்துக்கும் உரிமை கொண்டாட ஆள் வருகிறது.

வந்தவர்: ஊராவது உண்மைதானே? கேசி ஆடிய ஊரான மட்வில் என்பது நம் ஸ்டாக்டன். நம் அணியே அந்தப் பெயரில் ஆடியிருக்கிறது.

நூலகர்: 2000, 2001 ஆண்டுகளில் ஆடியது. மாசசூசெட்ஸில் உள்ள ஹாலிஸ்டனும் தானே மட்வில் என்கிறது. கதையில் உண்மை எதுவும் இல்லை என்று எழுதியவரே சொன்ன பிறகும், தோற்றுப்போனது எங்கள் ஊர்தான் என்று இரண்டு ஊர்கள் மல்லுக்கு நிற்கின்றன.

வந்தவர்: அப்படியானால் சராசரி...

நூலகர்: பூஜ்யம், ஐயா.

வந்தவர்: அந்த நடுவர் செய்த அநியாயம்!

நூலகர்: முதல் பந்தை, இது தம் பாணி அல்ல என்று கேசியே விட்டார்; இரண்டாவதையும் தொடவில்லை. அவர் இரண்டு நல்ல பந்துகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்க, நடுவரைக் கொல்லுங்கள் என்று கூட்டத்தில் யாரோ ஒருவர் கத்தினார். கவிதையில் அவருக்குப் பெயர் இல்லை. உங்கள் கொள்ளுத்தாத்தா அங்கே இருந்தார் என்பதை இப்போது முழுமையாக நம்புகிறேன்.