ஜாக் ஆப்ரி என்றொரு கேப்டன் இருந்தாரா?

'மாஸ்டர் அண்ட் கமாண்டர்' (2003) படக் காட்சியோடு ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது: "1805-இல் வாழ்ந்த பிரிட்டிஷ் கேப்டன் ஜாக் ஆப்ரியின் உண்மைக் கதை இது." தவறு.

ஆப்ரி, நாவலாசிரியர் பேட்ரிக் ஓ'பிரையன் படைத்த பாத்திரம். முழுக்கக் கற்பனையும் அல்ல, குழப்பம் அங்கேதான். தாமஸ் காக்ரன் என்ற நிஜக் கடற்படை அதிகாரி, 1801 மே 6 அன்று 14 சிறு பீரங்கிகளும் 54 பேரும் கொண்ட 'ஸ்பீடி' பாய்மரக் கப்பலை வைத்துக்கொண்டு, 32 பீரங்கிகளும் 319 பேரும் இருந்த ஸ்பெயினின் 'கமோ'வைப் பிடித்தார். மற்றவர்கள் எதிரிக் கப்பலில் பாய்ந்தபோது சுக்கானைப் பிடித்து நின்றவர் கப்பல் மருத்துவர்! 1969-இல் வந்த முதல் ஆப்ரி நாவல் இந்தச் சண்டையைத்தான் பெயர் மாற்றிச் சொல்கிறது.

படத்தில் வரும் 'சர்ப்ரைஸ்' கப்பலும் நிஜம்தான். 1796-இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கைப்பற்றியது. ஆனால் 1802-இலேயே விற்றுவிட்டார்கள். 1805-இல் எங்கே போருக்குப் போவது?

காக்ரனின் தன்வரலாறு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அக்காலக் கடற்படைக் கப்பல்களின் குறிப்பேடுகள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பார்த்துக்கொள்ளலாம்.

இந்தச் செய்தி உங்களுக்கும் வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். படத்தைத் தாராளமாகப் பாருங்கள்.