எவன்டா இதக் கட்டினது?

1999-இல் வேலைக்காக இங்கிலாந்தின் பர்மிங்காமுக்குப் போனேன். ஆறு மாதம் கழித்து அம்மா வந்தார். முதல் சனிக்கிழமையே கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனேன். போக வேண்டிய கடை எதிரே கண்ணுக்குத் தெரிகிறது. நடுவில் சாலை, ஓரத்தில் கம்பி வேலி. கடக்க வழியில்லை. படி இறங்கி, மூத்திர வாடை அடிக்கும் சப்வேயில் நடந்து, தப்பான வாசலில் மேலே ஏறி, மறுபடி இறங்கினோம். அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. மூன்றாவது படிக்கட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். "காரெல்லாம் மேல வெயில் காயுது, மனுசன் பொந்துக்குள்ள போகணுமா? எவன்டா இதக் கட்டினது?"

அலுவலகத்தில் உள்ளூர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். "மன்ஸோனி" என்றார், கெட்ட வார்த்தை சொல்கிற தொனியில்.

ஹெர்பர்ட் மன்ஸோனி. 1935 முதல் 1963 வரை அந்த நகரத்தின் சிட்டி இன்ஜினியர். 28 வருடம்! மேயர் வருடத்துக்கு ஒருவர் மாறுவார், மன்றத்தில் கட்சிகள் மாறும், நடுவில் ஒரு உலகப்போரே வந்து குண்டு போட்டுவிட்டுப் போனது. இவர் மட்டும் அதே நாற்காலியில். சாலை, சாக்கடை, நகரத் திட்டம் எல்லாம் அவர் கையில்தான். மாநகராட்சிக்கென்று தனியாக ஒரு கட்டடக்கலைஞரை நியமித்ததே 1952-இல்தான். 1954-இல் 'சர்' பட்டமும் வந்தது.

அவரைத் திட்டுகிறவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள் என்பது என் கட்சி. அவர் பதவிக்கு வந்தபோது அந்த ஊரில் 'பேக்-டு-பேக்' வீடுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. மூன்று பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், காற்றுக்கு ஒரே பக்கம். முற்றத்தில் பொதுக் குழாய், பொதுக் கழிப்பிடம். போர் முடிவதற்கு முன்பே அவர் டடஸ்டன்-நீச்செல்ஸ், லேடிவுட், ஹைகேட், லீ பேங்க், நியூடவுன் என்று ஐந்து பகுதிகளை இடித்துக் கட்டுவதற்காக வட்டம் போட்டு வைத்துவிட்டார். அப்படி நிலம் எடுக்க 1944-இல் சட்டம் வந்தது, அதன் பிறகு மாநகராட்சி மொத்தமாக எடுத்தது. பல குடும்பங்கள் முதல்முறையாகத் தங்கள் வீட்டுக்குள்ளேயே குளித்தது அப்புறம்தான். இடிபடாமல் தப்பிய ஒரு முற்றத்தை இப்போது அருங்காட்சியகமாக்கி டிக்கெட் வாங்கிப் பார்க்கிறோம், "அடடா, என்ன அழகு" என்கிறோம். ஜனவரியில் ஒரு வாரம் அங்கே குடியிருக்கச் சொன்னால் தெரியும்.

சரி, சாலைக்கு வருகிறேன். நகர மையத்தைச் சுற்றிய உள்வட்டச் சாலைக்கு 1946-இல் சட்டம் அனுமதி கொடுத்தது. கையில் பணம் இல்லை. 1957-இல்தான் மண்ணை வெட்டினார்கள். 1960-இல் திறந்த முதல் துண்டு ஸ்மால்புரூக். அது கொடுமையான சாலை இல்லை. இரண்டு பக்கமும் கடை, வளைந்து போகும் நீளக் கட்டடம், நடைபாதை. பார்த்தால் தெரு என்றே சொல்வோம். அதற்குப் பிறகுதான் புத்தி மாறியது. வண்டி நிற்கக் கூடாது என்று அடுத்தடுத்த துண்டுகளில் கடைகள் போயின, மேம்பாலமும் சுரங்கமும் வந்தன. நடப்பவரைத் தூக்கிக் கீழே போட்டார்கள். 1971-இல் மகாராணி வந்து திறந்தபோது அது நகரின் கழுத்தை இறுக்கும் கான்கிரீட் பட்டை. ஒரு சுரங்கத்துக்கு மட்டும் வைக்க வேண்டிய 'குயின்ஸ்வே' என்ற பெயரை அவர் மொத்தச் சாலைக்கும் வைத்துவிட்டதாக ஒரு கதை உண்டு. மன்ஸோனி அதற்கு அடுத்த வருடம் இறந்தார்.

எனக்குத் தோன்றுவது இது. சாக்கடையும் சாலையும் ஒரே மேசையில் வரைந்தவருக்கு ஊரே ஒரு குழாயாகத் தெரிந்துவிட்டது. குழாயில் எதுவும் தேங்கக் கூடாது. ஆனால் கடைத்தெரு என்பதே மனிதர்கள் தேங்குகிற இடம். விலை கேட்க நிற்பதும், தெரிந்தவரைப் பார்த்து நிற்பதும், சும்மாவே நிற்பதும்தான் அங்கே வேலை. சாக்கடைக்கும் குடிசை மாற்றுக்கும் மிகச் சரியாக இருந்த மூளை புல்ரிங் சந்தை முன்னால் வந்ததும் தப்பாகிப்போனது.

அவர் தனியாகச் செய்ததும் இல்லை. ஒவ்வொரு துண்டுக்கும் கவுன்சிலர்கள் கை தூக்கினார்கள். ஆஸ்டின் கார் செய்து சோறு தின்ற ஊர் அது. 1953 ஜூலையில் கடைசி டிராமையும் நிறுத்திவிட்டு, அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து அதே நகர மையத்தில் மறுபடி தண்டவாளம் பதித்தார்கள். இதையெல்லாம் ஒரே ஆள் தலையில் கட்டுவது நமக்கு வசதி, அவ்வளவுதான்.

1980-களின் கடைசியில் பட்டையை அறுக்க முடிவு செய்தார்கள். உயரத்தில் ஓடிய மாஸ்ஹவுஸ் சந்திப்பை 2002-இல் இடித்தார்கள். மன்ஸோனி பெயரில் ஒரு சின்னப் பூங்கா இருந்தது, 2003-இல் திறந்த புதிய புல்ரிங் வளாகத்துக்காக அதுவும் போயிற்று.

இப்போது ஸ்மால்புரூக்கின் அந்த வளைந்த கட்டடத்தையும் இடித்துவிட்டு அடுக்குமாடிக் கோபுரங்கள் கட்டத் திட்டம். வேண்டாம் என்று ஒரு கூட்டம் போராடுகிறது. நானும் அந்தப் பக்கம்தான். அம்மாவிடம் போனில் சொன்னேன். "அந்தப் பொந்து ரோடா? அதக் காப்பாத்தவா சண்டை போடுறீங்க?" என்றார். "இல்லம்மா, இது பொந்துக்கு முன்னாடி கட்டினது" என்று ஆரம்பித்தேன். அதற்குள் மருந்துக் கடைக்காரன் வந்துவிட்டான் என்று வைத்துவிட்டார்.