தையல் மெஷினும் ஊர் ஓட்டும்: தாராவியில் சுற்றும் செய்தி பொய்

“ஊர் வாக்காளர் அட்டையின் எண்ணையும் பதிவுக் கட்டணமாக 250 ரூபாயையும் அனுப்பினால் மோடி அரசின் இலவசத் தையல் மெஷின் வீடு தேடி வரும், வாங்கியவர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பது வாக்குச்சாவடியிலேயே தெரிந்துவிடும்” என்ற வாட்ஸ்அப் செய்தி, மும்பை தாராவியில் தைத்துப் பிழைக்கும் திருநெல்வேலிப் பெண்களிடம் சுற்றி வருகிறது. இதன் இரு பகுதிகளுமே பொய்.

அப்படியோர் இலவச மெஷின் திட்டம் மத்திய அரசிடம் இல்லை. 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் தையலும் ஒன்று என்பதால் குழப்பம் எழுந்திருக்கலாம். அதில் கிடைப்பது பயிற்சியும், கருவி வாங்க 15,000 ரூபாய் வரையிலான மின்னணு வவுச்சரும், பிணை கேட்காத கடனும்தான். பொதுச் சேவை மையத்தில் ஆதாரைக் காட்டிப் பதியக் கட்டணம் கிடையாது.

ஓட்டு பற்றிய மிரட்டல்தான் ஊரில் வாக்குரிமை உள்ளவர்களை அதிகம் அச்சுறுத்துகிறது. வாக்குப்பதிவு இயந்திரத்தின் பொத்தானை அழுத்தியதும் பக்கத்துக் கண்ணாடிக்குள் ஏழு விநாடி தெரிந்து, பிறகு பெட்டிக்குள் அறுந்து விழும் அந்தச் சிறு சீட்டில் வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் ஆகியவை மட்டுமே இருக்கும். வாக்களித்தவரின் பெயர் இராது. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 128ஆம் பிரிவு, வாக்குச்சாவடி அலுவலரையும் கட்சி முகவரையும் இரகசியம் காக்கக் கட்டாயப்படுத்துகிறது. பாபின் நூல் வாங்கவே கணக்குப் பார்ப்பவர்களிடம் 250 ரூபாய் பறிப்பது, என் பார்வையில், வெறும் வதந்தியல்ல, மோசடி. பணம் அனுப்பிவிட்டவர்கள் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யலாம்.