பூசணிக்காயைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்

பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் ஹாலோவீன் அக்டோபர் 31 அன்று வரும். அந்த மாதம் பிறந்துவிட்டால் அமெரிக்கா, கனடா பக்கத்துத் தமிழ்ப் பெற்றோர் குழுக்களில் "ரெண்டரை வயசுக்கு என்ன காஸ்ட்யூம் வாங்கலாம்?" என்ற கேள்வி வந்துவிடும். கீழே வரிசையாக லிங்க் விழும். காஸ்ட்யூமும் வந்து சேரும். 31ஆம் தேதி சாயங்காலம் பிள்ளை அதைப் போடமாட்டேன் என்று அழும். ஒரு போட்டோ எடுப்பதற்குள் வீட்டில் எல்லாருக்கும் போதும் போதும் என்றாகிவிடும். ஹாலோவீன் என்றால் அந்த ஒரு ராத்திரி, அதுவும் மிட்டாய் என்று எடுத்துக்கொள்வதால் வருவது இது.

ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இந்தப் பண்டிகையின் ருசியெல்லாம் அதற்கு முந்தைய நான்கு வாரத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. இலை, ஆப்பிள், பூசணிக்காய், விதை எல்லாம் தொட்டு, பிசைந்து, மோந்து பார்க்கிற சமாச்சாரங்கள். அந்த வேலைகளைப் பெரியவர்களே பிடுங்கிச் செய்து முடித்துவிட்டு, பிள்ளை கையில் மிட்டாய் வாளியை மட்டும் கொடுக்கிறோம். இதை மாற்ற வேண்டும்.

பூசணிக்காயிலிருந்து தொடங்குகிறேன். அதைக் குடைந்து முகம் செதுக்கி, உள்ளே விளக்கு வைத்து வாசலில் வைப்பது ஹாலோவீன் வழக்கம். அதிகம் சொதப்புவது அங்கேதான்.

கடை வாசலில் குவித்திருக்கும் பெரிய ஆரஞ்சுக் காய்கள் செதுக்குவதற்கென்றே வளர்ப்பவை. மாசசூசெட்ஸ் விவசாயி ஜான் ஹௌடன் உருவாக்கிய ஹௌடன் ரகம் இதில் பேர்போனது. காம்பு தடியாக இருக்கும், ஆனால் சதை நாரும் தண்ணியுமாக இருக்கும். சாம்பாரில் போட்டால் ருசியே இராது. சமையலுக்கு 'சுகர் பம்ப்கின்', 'பை பம்ப்கின்' என்று எழுதி விற்கும் சின்னக் காயை வாங்குங்கள். புளிக்குழம்புக்கும் கூட்டுக்கும் பச்சைத்தோல் கபோச்சா (ஜப்பானியப் பூசணி) இன்னும் நல்லது, நம்மூர்ப் பரங்கிக்காய்க்கு ரொம்பக் கிட்ட வரும்.

செதுக்கும் காயைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் அடிப்பாகத்தைப் பாருங்கள். தட்டையாக உட்கார வேண்டும். விரலால் அழுத்தினால் எங்கேயும் அமுங்கக் கூடாது, காம்பைச் சுற்றி முக்கியமாகப் பாருங்கள். காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், பிள்ளைகளையும் தூக்க விடாதீர்கள். காம்பு ஒடிந்த இடத்தில்தான் அழுகல் முதலில் இறங்கும். எட்டிலிருந்து பன்னிரண்டு பவுண்டு எடை போதும். பிள்ளை தானே தூக்கிக்கொண்டு நடக்க ஓர் உள்ளங்கைப் பூசணி தனியாக வாங்கிக் கொடுங்கள்.

வெட்டாத காயை அக்டோபர் தொடக்கத்திலேயே வாங்கலாம். வெயிலும் மழையும் படாத இடத்தில், வெறும் சிமென்ட் தரையில் வைக்காமல் அட்டை மேல் வைத்தால் வாரக்கணக்கில் நிற்கும். வெட்டுவதை மட்டும் 29 அல்லது 30ஆம் தேதிக்குத் தள்ளிப்போடுங்கள். சதை காற்றுப் பட்டதுமே பூஞ்சை வந்து உட்கார்ந்துவிடும். பகல் கதகதப்பாக இருக்கிற வருஷங்களில் மூன்று நான்கு நாளிலேயே வாய் உள்ளே மடிந்து, பல்லில்லாத கிழவர் முகம் மாதிரி ஆகிவிடும். இரவு உறைபனி என்றால் உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள். உறைந்து இளகிய பூசணி கொழகொழவென்று போய்விடும்.

வெட்டும் நாளில் யாருக்கு எந்த வேலை என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். கத்தி முழுக்கப் பெரியவர்களுடையது. மற்றதெல்லாம் பிள்ளையினுடையது.

தொப்பி மாதிரி மேலே வெட்டுவதுதான் பழக்கம். நான் அடியில் வெட்டச் சொல்வேன். மேல்மூடி இரண்டு நாளில் சுருங்கி உள்ளே விழுந்துவிடும். அடியில் ஓட்டை இருந்தால் விளக்கைத் தரையில் வைத்து மேலே காயைக் கவிழ்த்துவிடலாம், காம்பும் அழகாக அப்படியே நிற்கும். மேலேதான் வெட்டுவேன் என்றால் கத்தியை நேராக இறக்காமல் நடுவைப் பார்த்துச் சாய்த்து வெட்டுங்கள், மூடி உள்ளே விழாது. எப்படியானாலும் ஓட்டை ஐந்தாறு அங்குல அகலம் இருக்கட்டும். பிள்ளையின் கை முழங்கை வரை உள்ளே போக வேண்டும்.

ஏனென்றால் அடுத்ததுதான் இந்த மாதத்திலேயே பெரிய ஆனந்தம். உள்ளே சில்லென்று, வழுவழுவென்று, நார் நாராகத் தொங்கும். விரலை மூடினால் விதை நழுவி ஓடும். பச்சை வெள்ளரி மாதிரி ஒரு வாசம். சில பிள்ளைகள் தோள் வரை பூசிக்கொள்வார்கள், சில பிள்ளைகள் ஒரு விரல் பட்டதும் கையை உதறுவார்கள். உதறுகிற பிள்ளையைக் கட்டாயப்படுத்தாதீர்கள். ஐஸ்கிரீம் கரண்டியைக் கொடுத்தால் தானாகவே சுரண்ட ஆரம்பிக்கும். சிலருக்கு அந்தச் சாறு பட்டால் கை அரிக்கும். அப்படியானால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.

முகம் வரப்போகிற பக்கத்துச் சுவரை உள்ளிருந்து சுரண்டி ஓர் அங்குலக் கனத்துக்குக் கொண்டுவாருங்கள். அதைவிடத் தடித்தால் ரம்பம் மாட்டிக்கொள்ளும், வெளிச்சமும் வெளியே வராது. ரொம்ப மெலிந்தால் சீக்கிரம் தொய்ந்துவிடும்.

முகத்தைப் பிள்ளை வரையட்டும். தண்ணீரில் அழியும் மார்க்கர் போதும். ஒரு கண் நெற்றியிலும் இன்னொன்று கன்னத்திலும் வந்தாலும் அப்படியே வெட்டுங்கள், திருத்தாதீர்கள். இதில் எனக்குச் சமரசமே கிடையாது. அச்சடித்த டெம்ப்ளேட்டை ஒட்டி அப்பா இரண்டு மணி நேரம் குனிந்து செதுக்கிய வௌவாலை விட, மூன்று வயதுப் பிள்ளை கிறுக்கிய கோணல் வாய் வாசலில் எரிவதுதான் அந்தப் பிள்ளைக்கு வேண்டும். "இது நான் பண்ணினது" என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் காட்டும்.

சமையல் கத்தி இதற்குச் சரிவராது. ஈரத்தோலில் வழுக்கிக் கையைப் பதம் பார்த்துவிடும். சின்னப் பல் வைத்த பூசணி ரம்பம் சில டாலருக்குக் கிடைக்கிறது. குத்தி இழுக்காமல் மெதுவாக அறுங்கள். முதலில் கண், பிறகு மூக்கு, கடைசியில் வாய். பெரிய ஓட்டையை முதலில் போட்டால் சுவர் பலமிழந்து மற்றதெல்லாம் விரிசல் விடும். வெட்டிய துண்டை விரலால் உள்ளிருந்து வெளியே தள்ளுங்கள். செதுக்கிய பல் ஒடிந்தால் பல்குச்சி செருகி ஒட்டவைக்கலாம்.

இரண்டு மூன்று வயதுப் பிள்ளைக்கு வெட்டவே வேண்டாம். கோல்ஃப் டீ என்று மரத்தில் சின்ன ஆணி மாதிரி கிடைக்கும். பெரியவர் முதலில் ஆணியால் சிறு துளைகள் போட்டுவைத்தால், மரச் சுத்தியலால் பிள்ளை டக் டக்கென்று அடித்து இறக்கிவிடும். ஒரு காய், ஐம்பது டீ. அரை மணி நேரம் வேறெதையும் கேட்காது. பெயின்ட் அடிப்பதென்றால் தண்ணீரில் கரையும் வண்ணம் மழையில் வழிந்துவிடும், கூரைக்குக் கீழே வையுங்கள்.

செதுக்கியதும் ஒரு கேலன் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி பிளீச் கலந்து உள்ளேயும் வெட்டுவிளிம்பிலும் துடைத்துக் காயவிடுங்கள். இது பெரியவர் மட்டும் செய்ய வேண்டிய வேலை. காய்ந்தபின் விளிம்பில் வாஸலின் (பெட்ரோலியம் ஜெல்லி) தடவினால் ஈரம் நிற்கும், சுருங்குவது தள்ளிப்போகும். உள்ளே பேட்டரி விளக்குதான், மெழுகுவத்தி வேண்டாம். தரையளவு உயரத்தில் தீயும், பாலியஸ்டர் அங்கியைப் புரளவிட்டு நடக்கும் பிள்ளைகளும் ஒரே வாசலில் இருக்கக் கூடாது.

விதையைத் தூக்கிப் போடாதீர்கள். எடுத்த சதையைப் பெரிய பாத்திரத் தண்ணீரில் போட்டுப் பிள்ளையைக் கசக்கச் சொன்னால் விதை மேலே மிதந்து வரும். உப்புத் தண்ணீரில் பத்து நிமிஷம் வேகவைத்து வடித்து, துணியில் பரப்பி நன்றாகக் காயவையுங்கள். பேப்பர் டவல் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் பிசறி, ஒன்றன்மேல் ஒன்று விழாமல் தட்டில் பரப்பி, 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருபது நிமிஷம், நடுவில் ஒருமுறை கிளறி வறுத்தால் மொறுமொறுவென்று வரும். சவசவவென்று வந்தால் ஈரம் காயவில்லை என்று அர்த்தம். மிளகாய்த்தூள், பெருங்காயத்தைக் கடைசி ஐந்து நிமிஷத்தில் தூவுங்கள், முன்னாலேயே போட்டால் கருகிக் கசக்கும். தோலோடு இருக்கும் விதையை நான்கு வயதுக்குக் கீழே தராதீர்கள், தொண்டையில் அடைக்கும்.

"பேய்ப் பண்டிகை நமக்கெதுக்கு?" என்று கேட்கும் தாத்தா பாட்டிகள் உண்டு. அவர்களுக்கு மரியாதையாகவே பதில் சொல்லலாம். அயர்லாந்தில் குளிர்காலம் பிறக்கும் நாளில் கொண்டாடிய சௌவின் என்ற பழைய திருநாளிலும், நவம்பர் 1 அன்று வரும் கிறிஸ்தவர்களின் சகல புனிதர் திருநாளிலும் இதன் வேர் இருக்கிறது. அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கினார்கள். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள் அங்கே விளைந்த பூசணியை எடுத்துக்கொண்டார்கள். புதுசாகக் கட்டும் வீட்டில் கோர முகம் எழுதிய திருஷ்டிப் பூசணியைக் கட்டித் தொங்கவிடும் ஊர்க்காரர்களுக்கு இது அந்நியமாகத் தெரிய வேண்டியதில்லை.

இலைகளுக்கு ஒரு சனிக்கிழமை ஒதுக்குங்கள். பச்சையம் சிதையச் சிதைய, இலைக்குள் முன்பே இருந்த மஞ்சள் வெளியே தெரியும். சிவப்பு வேறு, வெயிலடிக்கும் பகலும் குளிர்ந்த இரவும் சேரும்போது இலை அதைப் புதிதாகத் தயாரிக்கிறது. நான்கு வயதுப் பிள்ளைக்கு இதை அப்படியே சொல்லலாம், புரியும். பொறுக்கிய இலையை இரண்டு மூன்று நாள் கனமான புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, மெழுகுத்தாள் இரண்டுக்கு நடுவில் வைத்து, மேலே துணி போட்டு, நீராவி இல்லாமல் மிதமான சூட்டில் இஸ்திரி போடுங்கள். ஈர இலையை நேராக வைத்தால் பழுப்பாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. கண்ணைப் பறிக்கும் சிவப்பில் மூன்று மூன்று இலையாக மரத்தில் ஏறியிருக்கும் கொடி பாய்சன் ஐவியாக இருக்கலாம். தொட்டால் தோல் கொப்புளிக்கும். இலைக் குவியலில் குதித்துவிட்டு வந்தால் குளிக்க வைக்கும்போது முட்டிக்குப் பின்னால், அக்குள், காதுக்குப் பின்னால், தலைமுடி ஓரம் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். லைம் நோயைப் பரப்பும் உண்ணி இலையுதிர்காலத்திலும் சுறுசுறுப்பாகத்தான் திரியும்.

ஆப்பிள் தோட்டத்தில் கற்றுத்தர ஒரே ஒரு அசைவுதான் இருக்கிறது. பழத்தை உள்ளங்கையில் ஏந்தி மேலே தூக்கித் திருகினால் தானாக வந்துவிடும். கீழே பிடித்து இழுத்தால் அடுத்த வருஷம் காய்க்க வேண்டிய மொட்டும் சேர்ந்து ஒடிந்துவிடும். காய்ச்சிப் பதப்படுத்தாத ஆப்பிள் சைடரை (பிழிந்த ஆப்பிள் சாறு) சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், ஈ.கோலை கிருமி இருக்கலாம்.

இனி 31ஆம் தேதி. காஸ்ட்யூமை ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால் ஸ்வெட்டர் உள்ளே அடங்கும், கடைசி நேரத்தில் ஜாக்கெட்டை மேலே மாட்டி வேஷத்தை மறைக்க வேண்டியிருக்காது. விளிம்பு கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். முகமூடி வேண்டாம், பக்கவாட்டுப் பார்வையை மறைக்கும், மூச்சும் புழுங்கும். முகத்துக்கு வண்ணம் என்றால் இரண்டு நாள் முன்பே கையில் தடவிப் பாருங்கள், கலைக்கத் தேங்காய் எண்ணெய் அருமையாக வேலை செய்யும். பஞ்சு வைத்துத் தைத்த காஸ்ட்யூமோடு கார் சீட்டில் உட்கார வைத்து பெல்ட் போடாதீர்கள். இறுக்கமாக இருப்பது போலத் தெரிந்தாலும் உள்ளே தளர்ந்துதான் இருக்கும்.

ஐந்தரைக்கே கிளம்புங்கள். 2007 முதல் அமெரிக்காவில் கடிகாரத்தை நவம்பர் முதல் ஞாயிறன்றுதான் பின்னுக்கு வைக்கிறார்கள் என்பதால் நியூயார்க் பக்கம் ஆறுக்குச் சற்று முன்னும், டொராண்டோவில் ஆறுக்குச் சற்றுப் பின்னும் சூரியன் மறையும். அந்த வெளிச்சம் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டும். 1975 முதல் 2016 வரையான அமெரிக்க விபத்துக் கணக்கை ஆராய்ந்ததில், ஹாலோவீன் மாலையில் நடந்து போகிறவர்கள் வாகனம் மோதி இறக்கும் அபாயம் மற்ற மாலைகளைவிட 43 சதவீதம் அதிகமாக இருந்தது. சாலையை அங்குமிங்கும் தாண்டாமல் ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். முதுகில் பளபளக்கும் டேப் ஒட்டுங்கள். வாசல் விளக்கு எரியாத வீட்டைத் தட்டக் கூடாது. மூன்று வயதுக்குப் பத்து வீடு தாராளம்.

மிட்டாயில் விஷம் கலக்கிறார்கள் என்று வருஷா வருஷம் வாட்ஸ்அப்பில் சுற்றும். டெலவர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் 1958 முதலான செய்திகளைத் தோண்டிப் பார்த்தும், முகம் தெரியாத ஒருவர் கொடுத்த மிட்டாயால் ஒரு பிள்ளை இறந்ததாக உறுதியான ஒரு சம்பவம்கூடக் கிடைக்கவில்லை. பயப்பட வேண்டியது சாலைக்கு. அடுத்தபடியாகத் தொண்டையில் அடைப்பதற்கு. கடின மிட்டாய், முழுக் கொட்டை, பாப்கார்ன் ஆகியவற்றை நான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் வாளியிலிருந்து எடுத்துவிடுங்கள். சைவ வீடுகளில் கம்மி (மெல்லும் ஜெல்லி மிட்டாய்), மார்ஷ்மெல்லோ, கேண்டி கார்ன் உறைகளில் ஜெலட்டின் இருக்கிறதா என்று படியுங்கள், அது விலங்கிலிருந்து எடுப்பது. உங்கள் வாசலில் மிட்டாயோடு ஸ்டிக்கர், பென்சில் மாதிரி சாப்பாடல்லாத பொருளும் ஒரு கிண்ணத்தில் வைத்து, பக்கத்தில் நீலப்பச்சை வண்ணம் பூசிய பூசணி ஒன்றை வையுங்கள். உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கான அடையாளம் அது. 2014 முதல் அமெரிக்கா முழுக்கப் பரவியிருக்கிறது.

டொராண்டோவில் இருப்பவர்கள் நவம்பர் 1 மாலையில் சொராரன் பூங்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். அக்கம்பக்கத்தார் தங்கள் வீட்டுப் பூசணிகளை வரிசையாக வைத்து விளக்கேற்றுவார்கள், பிறகு மாநகராட்சி எடுத்துப்போய் உரமாக்கும். 2004 முதல் நடக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் வாசல் காயைக் குப்பைப் பையில் கட்டிவிடாமல், கொல்லைப்புறம் இருந்தால் ஒரு மூலை மண்ணில் வைத்துவிடுங்கள். பிள்ளை தினமும் போய்ப் பார்க்கட்டும். முதலில் கண்ணுக்குள் வெள்ளைப் பஞ்சு படரும், பிறகு கருக்கும், பிறகு ஒரு நாள் முகம் அப்படியே உட்கார்ந்துவிடும்.