வீட்டில் எல்லோரும் நலம். நான் பனிச்சறுக்கு கற்கப் போனேன்

வேலையை விடுவதற்குச் சிங்கப்பூரில் நம்மிடையே ஏற்றுக்கொள்ளப்பட்ட காரணங்கள் சில உண்டு. பிள்ளைப்பேறு, பெற்றோரின் நோய், தொடக்கப்பள்ளி முடிவில் பிள்ளை எழுதும் பிஎஸ்எல்இ தேர்வு, மேற்படிப்பு. இவற்றில் ஒன்றைச் சொல்லிவிட்டால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. "ஒரு குளிர்காலம் முழுக்க ஜப்பானில் தங்கிப் பனிச்சறுக்கு கற்கப் போகிறேன்" என்றால் கேள்விகள் வரிசை கட்டி நிற்கும். நான் வேலையை விட்ட செய்தி காதில் விழுந்ததும் பெரியம்மா தொலைபேசியில் அழைத்தார். குரலில் பதற்றம். "யாருக்கு உடம்பு சரியில்லை? மறைக்காமல் சொல்" என்றார். யாருக்கும் ஒன்றுமில்லை பெரியம்மா, எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்று அவரை நம்பவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எல்லோரும் நன்றாக இருக்கும்போது ஒரு பெண் எதற்காக வேலையை விடுவாள் என்பது கடைசிவரை அவருக்கு விளங்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், அப்பா பக்கவாதத்தில் படுத்தபோதும் நான் வேலையை விட்டிருக்கிறேன். அப்போது கிடைத்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. கோயிலில் பார்த்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "மகள் என்றால் இப்படி இருக்க வேண்டும்" என்றார்கள். அப்பா போன பிறகு வேலை தேடியபோது, நேர்காணலில் அந்த இடைவெளியை ஒரே வரியில் சொன்னேன்; எதிரே இருந்தவர் தலையசைத்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அப்பாவுக்குச் செய்ததில் எனக்கு மனநிறைவுதான். இன்னொரு முறை நேர்ந்தாலும் அதையேதான் செய்வேன். ஆனால் எனக்காக எடுத்துக்கொண்ட இந்த இரண்டாவது இடைவெளிக்கு நேர்காணலில் பெரும்பகுதி நேரம் செலவானது. மன அழுத்தமா, பழைய அலுவலகத்தில் தகராறா, திரும்பவும் இப்படிக் கிளம்பிவிடுவீர்களா என்று துருவித் துருவிக் கேட்டார்கள்.

நண்பர்கள் அக்கறையோடு யோசனை சொன்னார்கள். 'சொந்தக் காரணங்கள்' என்று எழுதிவிடு என்றார் ஒருவர். 'தலைமைத்துவப் பண்பையும் மன உறுதியையும் வளர்த்துக்கொண்டேன்' என்று எழுது, நிறுவனங்களுக்கு அதுதான் பிடிக்கும் என்றார் இன்னொருவர். நான் இரண்டையும் எழுதவில்லை. 'ஜப்பானின் ஹொக்கைடோவில் பனிச்சறுக்கு கற்றேன்' என்று எழுதினேன். மகிழ்ச்சியைப் பயிற்சி வகுப்பாக வேடம் போட்டுக் காட்டினால்தான் மதிப்பு என்றால், அந்த மதிப்பு எனக்கு வேண்டாம். சொந்தக் காசில், யாருக்கும் பாரமாக இல்லாமல், ஒரு பருவத்தைத் தனக்குப் பிடித்ததற்குக் கொடுப்பது தன்னளவில் முழுமையான காரணம். இதைத்தான் இங்கே உரக்கச் சொல்ல விரும்புகிறேன்.

"விடுப்பு எடுத்து ஒரு வாரம் போய்வரலாமே" என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். டிசம்பர் பள்ளி விடுமுறையில் எத்தனையோ குடும்பங்கள் பனியைப் பார்க்கப் போகின்றன. பார்ப்பதற்கு ஒரு வாரம் போதும். கற்பதற்குப் போதாது, அதிலும் நமக்கு. நாம் நிலநடுக்கோட்டை ஒட்டி வாழ்பவர்கள். நம் தீவின் மிக உயர்ந்த இடமான புக்கிட் தீமா குன்றின் உயரமே சுமார் 163 மீட்டர்தான். பனியைத் தொட்டுப் பார்க்க நமக்கு வாய்த்தது, 2000ஆம் ஆண்டில் ஜூரோங்கில் திறந்த ஸ்நோ சிட்டி என்ற உள்ளரங்கப் பனிக்கூடம். சரிவும் குளிரும் நம் உடம்புக்குத் தெரியாத பாடங்கள்.

முதல் சில நாள்கள் பூட்ஸோடு போராடுவதிலேயே போய்விடும். கெட்டியான பிளாஸ்டிக் கூடு. கொக்கிகளை இழுத்து மாட்டினால் கணுக்கால் அசையாது. முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு பூட்ஸின் முன்பக்கத்தில் எப்போதும் அழுந்தியிருக்க வேண்டும். சரிவின் உச்சியில் நின்று கீழே பார்த்ததும் பயத்தில் உடம்பு தானாகப் பின்னால் சாயும். அங்கேதான் வினையே தொடங்குகிறது. பின்னால் சாய்ந்தால் காலில் மாட்டிய சறுக்குப் பலகையின் முன்பகுதி பாரமிழந்து சொன்ன பேச்சைக் கேட்காது. வேகம் பிடித்து ஓடும். திருப்ப வேண்டுமானால் பள்ளத்தை நோக்கித்தான் உடம்பைக் கொடுக்க வேண்டும், திருப்பத்தின் வெளிப்பக்கக் காலில்தான் எடையை இறக்க வேண்டும். நாற்பதைக் கடந்த உடம்பு இதற்கு எளிதில் சம்மதிக்காது. பயந்த பக்கமே போ என்றால் எந்த உடம்புதான் கேட்கும்?

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் உள்ளூர்க்காரர், நல்ல வயதானவர். ஒரு நாள் காலை என் கையிலிருந்த ஊன்றுகோல்கள் இரண்டையும் வாங்கித் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டார். ஒவ்வொரு திருப்பத்திலும் வெளிக்காலின் முட்டியில் கையை வைத்து அழுத்திக்கொண்டே இறங்கு என்று செய்து காட்டினார். இடப்பக்கம் திரும்பும்போது வலது முட்டி, வலப்பக்கம் திரும்பும்போது இடது முட்டி. அவ்வளவுதான் பயிற்சி. கையை வைக்கக் குனியும்போது எடை தானாக அந்தக் காலுக்குப் போய்விடுகிறது; பின்னால் சாய முடிவதில்லை. பகல் முழுக்க அதையே செய்தோம். மறுநாளும் அதையே. ஒரு வாரச் சுற்றுலாவில் வந்தவர் யாராவது ஒரே பயிற்சிக்கு இத்தனை நேரம் கொடுப்பார்களா? உடம்பு இணங்கி வருகிற நேரத்தில் அவர்கள் சிங்கப்பூருக்குத் திரும்பும் விமானத்தில் இருப்பார்கள். அடுத்த ஆண்டு மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்குவார்கள். எனக்கு பிப்ரவரி நடுவில் ஒரு நாள், நான் நினைக்காமலே திருப்பம் நிகழ்ந்தது. அதற்குப் பிறகுதான் எதிரே இருந்த டொகாச்சி மலைத்தொடரை நிமிர்ந்து பார்க்கும் தெம்பு வந்தது.

பனியும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு, ஹொக்கைடோ மலைகளில் மோதிப் பனியாகக் கொட்டுகிறது. நான் தங்கிய ஃபுரானோ உள்நாட்டில் இருப்பதால் அங்கே பனி உலர்ந்து, இலேசாக இருக்கும். ஜனவரியில் கையில் பிடித்தால் உருண்டையாகச் சேராமல் உதிரும். மார்ச் வந்ததும் கதை மாறிவிடும். பகல் வெயிலில் இளகி இரவில் உறைவதால் காலையில் பலகையின் விளிம்பு இறங்காத அளவுக்குக் கெட்டியாக இருக்கும் அதே சரிவு, மதியத்தில் கேழ்வரகுக் கூழாகிவிடும். ஒரே மலையை இத்தனை குணங்களில் சந்திக்க வேண்டுமென்றால் ஒரு பருவம் முழுக்க அங்கே இருந்தாக வேண்டும்.

"நமக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம்?" என்பதும் அடிக்கடி காதில் விழுந்தது. ஜப்பானியர்களே இதை வெளியாளிடம்தான் கற்றார்கள். 1911 ஜனவரியில் ஆஸ்திரிய ராணுவ அதிகாரி தியோடர் வான் லெர்ச், நீகாட்டா மாநிலத்தின் தகாடாவில் ஜப்பானியப் படையினருக்கு ஒற்றைக் கோல் வைத்துச் சொல்லிக்கொடுத்ததுதான் அங்கே தொடக்கம். தலைமுறை தலைமுறையாகப் பனியில் வாழ்ந்தவர்களும் அதில் சறுக்க வளர்ந்த பிறகுதான் கற்றார்கள். சிங்கப்பூரிலிருந்தும் 2018இல் ஷெயன் கோ குளிர்கால ஒலிம்பிக்கின் பனித்தரை வேகச்சறுக்குப் போட்டியில் கலந்துகொண்டுவிட்டார். விளையாட்டுக்குப் பிறந்த ஊர்ச் சான்றிதழ் தேவையில்லை.

ஓய்வுபெற்ற பிறகு போகலாம் என்கிறார்கள். 2026 ஜூலை 1 முதல் நம் ஓய்வு வயது 64, அதற்குப் பிறகும் வேலையில் தொடர வழிசெய்யும் மறுவேலைவாய்ப்பு வயது 69. உழைக்க முடிந்தவர்கள் நீண்ட காலம் உழைக்கட்டும்; அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் வேலை செய்யும் காலம் நாற்பது, நாற்பத்தைந்து ஆண்டுகளாக நீளும்போது இளைப்பாறுதல் முழுவதையும் கடைசியில் கொண்டுபோய் வைப்பது எந்தக் கணக்கில் நியாயம்? பனிச்சறுக்கில் அதிகம் அடிபடுவது முழங்கால் தசைநார்தான். பனிச்சறுக்கைப் புதிதாகக் கற்க 64 வயது வரை பொறுத்திருப்போம் என்று என் மூட்டுகளிடம் யாரும் உத்தரவாதம் வாங்கித் தர முடியாது.

இனி பணம். வசதி படைத்தவர்களின் வேலை இது என்று நினைத்து ஒதுங்குபவர்களுக்காக வெளிப்படையாகவே சொல்கிறேன். சம்பளம் நின்றதும் மத்திய சேமநிதிக்கு (மசேநி) நம் பங்கான 20 விழுக்காடும் முதலாளியின் 17 விழுக்காடும் நின்றுவிடும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக்கடனை மசேநி சாதாரணக் கணக்கிலிருந்து கட்டுபவர்கள், அந்தக் கணக்கில் எத்தனை மாதத் தவணைக்கு இருப்பு இருக்கிறது என்று முதலில் பாருங்கள். தீர்ந்துவிட்டால் கையிலிருந்து ரொக்கமாகக் கட்ட வேண்டும். மெடிஷீல்டு லைஃப் மருத்துவக் காப்புறுதிச் சந்தா, மசேநியின் மருத்துவச் சேமிப்பான மெடிசேவிலிருந்து போய்க்கொண்டிருக்கும், புதிதாக அதில் ஒன்றும் வந்து சேராது. பலர் மறந்துவிடுவது வருமான வரி. சென்ற ஆண்டு வருமானத்துக்கான வரி இந்த ஆண்டுதான் வரும், சம்பளமே இல்லாத மாதங்களில். அதைத் தனியாக எடுத்து வைக்காமல் கிளம்பக் கூடாது. ஜப்பானில் நம் கடவுச்சீட்டுக்கு விசா இல்லாமல் 90 நாள் தங்கலாம், ஆனால் அங்கே வேலை செய்து சம்பாதிக்க முடியாது. அதனால் கையிருப்பை நம்பித்தான் போக வேண்டும். எல்லோரும் சொல்லும் ஹொக்கைடோவின் நிசேக்கோ சறுக்குத் தலத்தில் ஒரு நாள் லிஃப்ட் டிக்கெட்டே 10,000 யென்னைத் தாண்டிவிட்டது. நான் ஃபுரானோவில் கித்தானோமினே பக்கம் ஓர் அறை எடுத்து, பருவச்சீட்டு வாங்கி, மற்றவர் பயன்படுத்திய பலகைகளை வாங்கிக்கொண்டேன். பூட்ஸை மட்டும் புதிதாக, காலை அளந்து வாங்கினேன்; அதில் சிக்கனம் பார்த்தால் கால் மன்னிக்காது. பயணக் காப்புறுதியில் பனிச்சறுக்கு உண்டா, சறுக்குப் பகுதியின் எல்லைக் கயிற்றைத் தாண்டிப் போனால் செல்லுமா என்று வரிவரியாகப் படியுங்கள்.

இத்தனையும் எழுதும்போது ஒரு நண்பரின் முகம் கண்முன் வருகிறது. தஞ்சாவூரிலிருந்து வந்து, வெளிநாட்டவருக்கான வேலை அனுமதியான எம்பிளாய்மென்ட் பாஸில் இங்கே வேலை பார்ப்பவர். என் படங்களைப் பார்த்துவிட்டு, "அக்கா, எனக்கும் ஆசைதான். ஆனால் வேலையை விட்ட மறுவாரம் பாஸ் போய்விடுமே" என்றார். உண்மைதான். கடைசி வேலைநாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் முதலாளி பாஸை ரத்து செய்தாக வேண்டும். அதற்குப் பின் 30 நாள் குறுகிய கால அனுமதிதான். அவரைச் சார்ந்து வந்த மனைவி, பிள்ளைகளின் பாஸும் அதோடு போய்விடும். வாடகை வீடு, பிள்ளையின் பள்ளி எல்லாம் அந்த ஓர் அட்டையில் தொங்குகின்றன. குடியுரிமை இருப்பதால்தான் எனக்கு இந்தத் துணிச்சல் என்பதை அவர் பேசிய பிறகு ஆழமாக உணர்ந்தேன். ஆகவே "துணிந்து வேலையை விடு, வாழ்க்கை ஒருமுறைதான்" என்று எல்லோருக்கும் பொதுவாக முழங்கும் பதிவுகளோடு எனக்கு உடன்பாடில்லை. யாருக்கு எவ்வளவு விலை என்று பார்க்காமல் சொல்லும் அறிவுரை அது.

முதலாளிகளிடம் கேட்பதற்கு ஒன்று இருக்கிறது. வேலையை விட்டால்தான் ஒரு பருவம் கிடைக்கும் என்ற நிலை ஏன்? நாற்பது வயதைத் தாண்டிய சிங்கப்பூரர் முழுநேரப் பயிற்சிக்குப் போனால், அரசாங்கத்தின் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திறன்வளர்ப்புத் திட்டத்தில் தகுதியுள்ள படிப்புகளுக்கு மாதம் 3,000 வெள்ளி வரை உதவித்தொகை உண்டு. நல்ல ஏற்பாடு. வாழ்க்கையின் நடுவில் நிறுத்தம் தேவை என்பதை நாடே ஒப்புக்கொண்டிருக்கிறது. 2024 டிசம்பர் 1 முதல், நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு கேட்கும் ஊழியரின் விண்ணப்பத்தை நிறுவனங்கள் முறையாகப் பரிசீலிக்க வேண்டும் என்ற வழிகாட்டிகளும் நடப்பில் உள்ளன. ஆனால் அவை வேலை நேரம், இடம், அளவு பற்றியவை. மூன்று நான்கு மாத ஊதியமில்லா விடுப்பு இன்னமும் மேலாளரின் மனநிலையைப் பொறுத்தே கிடைக்கிறது. ஐந்தாண்டு, பத்தாண்டு உழைத்த ஒருவருக்கு அதை உரிமையாகத் தரலாம். காரணம் கேட்காமல் தரலாம். அரசாங்கத்திடம் உதவித்தொகை கேட்கவில்லை, நிறுவனத்திடம் சம்பளம் கேட்கவில்லை. திரும்பி வரும்போது மேசை இருந்தால் போதும்.

பழைய அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்த தங்கை ஒருத்தி, வரும் ஜூனில் நியூசிலாந்தின் குவீன்ஸ்டவுனுக்குப் போக ஆயத்தமாகிறாள். நம் ஜூன் அவர்களுக்குக் குளிர்காலத் தொடக்கம். வரிப் பணத்தை எடுத்து வைத்துவிட்டாள், மசேநி இருப்பைப் பார்த்துவிட்டாள், ஊதியமில்லா விடுப்புக்கும் விண்ணப்பித்துவிட்டாள். படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில் 'பனிச்சறுக்கு' என்றே எழுதியிருக்கிறாள். அவள் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். அந்தப் படிவம் கையெழுத்தாகாமல் மேலாளரின் மேசையில் இருக்கிறது. அவர் என் பதிவுகளைத் தவறாமல் படிப்பவர். அண்ணா, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.